பெண்களுக்கு முடி நடும் சிகிச்சை: நர்ஸ் கவனிக்க வேண்டியவை

நீங்கள் கேட்டது இதுதான்: மருத்துவமனை வார்டில் வேலை பார்த்துவிட்டு இங்கே சிங்கப்பூரில் ஒரு தனியார் கிளினிக்கில் சேர்ந்திருக்கிறீர்கள், இதுவரை முடி நட வந்தவர்கள் எல்லாம் ஆண்கள், இப்போது பெண்களும் வர ஆரம்பித்திருக்கிறார்கள், அவர்களுக்குத் தாதிமைப் பராமரிப்பில் வேறு எதாவது செய்ய வேண்டுமா, அல்லது ஆண்களுக்குச் செய்வதையே செய்தால் போதுமா? போதாது, தங்கச்சி. கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், ஏனென்றால் பயிற்சிக் குறிப்புகள் பெரும்பாலும் ஆண் தலையை மனதில் வைத்தே எழுதப்பட்டவை.

ஆணுக்கு வழுக்கை விழுந்த இடத்தில் நடுகிறோம். பெண்ணுக்குப் பெரும்பாலும் முடி இருக்கிற இடத்திலேயே, அந்த முடிகளுக்கு இடையில் நடுகிறோம். நிற்கிற பயிருக்கு நடுவே நாற்று நடுகிற வேலை அது. புதிதாக நட்டதை மட்டும் பார்த்துக்கொண்டு, ஏற்கனவே இருந்ததைக் கெடுத்துவிட்டால், அந்தப் பெண் வந்ததை விட மோசமான நிலையில் வீட்டுக்குப் போவார். ஆகவே உங்கள் வேலையில் பாதி, இருக்கிற முடியைக் காப்பாற்றுவது.

வருகிற பெண்களில் நிறையப் பேருக்கு இந்தச் சிகிச்சையே பொருந்தாது என்பதையும் முதலிலேயே மனதில் வைத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கு முன்னாலும் உச்சியிலும் கொட்டினாலும் பின்மண்டை முடி பொதுவாகத் திடமாக இருக்கும், அதனால்தான் அங்கிருந்து எடுத்து நடுகிறோம். பெண்களுக்கு அப்படி இல்லை. வகிடு அகலமாகி உச்சி மெலிகிற அந்த வகையை 1977இல் லுட்விக் என்ற ஜெர்மன் மருத்துவர் மூன்று படிகளாகப் பிரித்தார், இன்றும் நாம் அதைத்தான் சார்ட்டில் எழுதுகிறோம். அதில் பலருக்குப் பின்மண்டையிலும் சேர்ந்தே மெலிந்திருக்கும். மெலிந்துகொண்டிருக்கிற இடத்திலிருந்து எடுத்து நட்டால், நட்டதும் ஒருநாள் மெலியும். இதை முடிவு செய்வது டாக்டர்தான். ஆனால் டாக்டரிடம் சொல்லாததை, நீங்கள் ரத்த அழுத்தம் பார்க்கும்போது உங்களிடம் சொல்வார்கள்.

அந்த நேரத்தைப் பயன்படுத்துங்கள். எப்போதிருந்து கொட்டுகிறது, கொத்தாகக் கொட்டுகிறதா அல்லது வருடக்கணக்கில் மெல்லக் குறைந்ததா என்று கேளுங்கள். குழந்தை பிறந்து எத்தனை மாதம், அண்மையில் டெங்கி வந்ததா, கோவிட் வந்ததா, தீபாவளிக்குச் சேலை கட்ட வேண்டும் என்று சாப்பாட்டைப் பாதியாகக் குறைத்தார்களா, இதெல்லாம் கேளுங்கள். காய்ச்சலோ பிரசவமோ முடிந்து இரண்டு மூன்று மாதம் கழித்து முடி கொத்தாகக் கொட்டுவது இயல்பு, பெரும்பாலும் அது தானாகவே நின்று திரும்ப வளரும். அப்படிப்பட்டவருக்குக் கத்தி தேவையே இல்லை. மாதவிடாயில் ரத்தம் அதிகம் போகிறவர்கள், சைவச் சாப்பாடு மட்டும் சாப்பிடுகிறவர்கள், எப்போதும் களைப்பாக இருக்கிறது என்று சொல்கிறவர்கள், இவர்களுக்கு இரும்புச்சத்து இருப்பையும் தைராய்டையும் பார்க்காமல் தேதி கொடுக்கக் கூடாது. மாதவிடாய் ஒழுங்கில்லாமல், முகத்தில் முடியும் பருவும் இருந்தால் சினைப்பை நீர்க்கட்டிப் பிரச்சினையாக இருக்கலாம். இந்த ரத்தப் பரிசோதனைகளை அரசாங்கப் பலதுறை மருந்தகத்திலேயே (பாலிகிளினிக்) செய்துவிட்டு வரலாம், தனியார் கிளினிக்கில்தான் செய்ய வேண்டும் என்று இல்லை. இதைச் சொன்னால் முதலாளி முகம் சுளிக்கலாம், பரவாயில்லை.

தலையையும் நீங்களே ஒரு முறை நல்ல வெளிச்சத்தில் பாருங்கள். முன்நெற்றி ஓரம் பின்வாங்கி, அந்தத் தோல் வழவழவென்று பளபளத்து, புருவமும் மெலிந்திருந்தால், அல்லது முடிக்கால்களைச் சுற்றிச் சிவப்பும் எரிச்சலும் அரிப்பும் இருந்தால், உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். அது வடு விழும் வகை முடியுதிர்வாக இருக்கலாம், மாதவிடாய் நின்ற பெண்களுக்கு அதிகம் வரும். அது அடங்காத நிலையில் நட்டால் நட்டதும் அழியும், நோயும் கிளறிவிடப்படலாம். இப்படிப்பட்டவர்களை முதலில் தோல் நிபுணரிடம், மண்டாலே ரோட்டில் இருக்கும் நேஷனல் ஸ்கின் சென்டர் போன்ற இடத்துக்கு அனுப்புவதுதான் முறை.

யாருக்கு நன்றாகப் பொருந்தும் என்றால், இழுப்பால் முடி போனவர்களுக்கு. நம்மில் இது நிறைய. சின்ன வயதிலிருந்து இறுக்கிப் பின்னிய சடை, பரதநாட்டிய மேடைக்குச் சவுரி வைத்துக் கட்டிய கனமான கொண்டை, இப்போது ஒட்டுமுடி. நெற்றியோரமும் காதுக்கு மேலேயும் முடி போயிருக்கும், பின்மண்டை அடர்த்தியாக இருக்கும். இழுப்பதை நிறுத்தி நிலைமை நீண்டகாலம் மாறாமல் இருந்தால் இவர்களுக்குப் பலன் நன்றாக வரும். ஆனால் அறுவை முடிந்ததும் அதே சவுரியை மாட்டப் போகிறார் என்றால் வீண் செலவு, அதை முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிறவியிலேயே நெற்றி உயரமாக இருப்பவர்கள், தீக்காயமோ அறுவை வடுவோ உள்ளவர்கள், இவர்களும் நல்ல தேர்வுதான்.

மருந்து விவரம் கேட்கும்போது "என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள்?" என்று மட்டும் கேட்டால் "ஒன்றும் இல்லை" என்றுதான் பதில் வரும். மீன் எண்ணெய், விட்டமின் ஈ, ஜின்கோ, சீன மருந்துக்கடையில் வாங்கிய டாங் குவே, பக்கத்து வீட்டு மலாய் அக்கா கொடுத்த ஜாமு, ஊரிலிருந்து வந்த லேகியம், இவற்றைப் பெயர் சொல்லிக் கேளுங்கள். இவற்றில் சில ரத்தக்கசிவைக் கூட்டும். ஆஸ்பிரினும் ஐபுப்ரோஃபென் வகை வலிமாத்திரையும் அப்படித்தான், மாதவிடாய் வலிக்குப் போடுவதை மருந்தென்றே பலர் நினைப்பதில்லை. ஆனால் இதயத்துக்கோ பக்கவாதத்துக்கோ எழுதிக் கொடுத்த மாத்திரையை நீங்களாக நிறுத்தச் சொல்லிவிடாதீர்கள், எழுதிய டாக்டரைக் கேட்டுத்தான் நிறுத்த வேண்டும். ப்ரோப்ரனோலால் சாப்பிடுகிறவர்களை (ஒற்றைத் தலைவலிக்கு நிறையப் பெண்கள் சாப்பிடுகிறார்கள்) தனியாகக் குறித்து வையுங்கள், மரப்பு ஊசியில் இருக்கும் அட்ரினலினோடு சேர்ந்து ரத்த அழுத்தம் திடீரென ஏற வாய்ப்பு உண்டு.

கர்ப்பம் பற்றியும் கேட்டாக வேண்டும், கேட்டால் மட்டும் போதாது, சிறுநீர்ப் பரிசோதனையும் வேண்டும். முடிக்குக் கொடுக்கிற ஸ்பைரோனோலாக்டோன், ஃபினாஸ்டரைடு இரண்டும் கருவுக்கு ஆகாதவை. முடி வளரக் கொடுக்கும் மினாக்ஸிடிலும் கர்ப்பத்திலும் தாய்ப்பால் கொடுக்கும்போதும் பரிந்துரைக்கப்படுவதில்லை. வீட்டில் கணவருடைய ஃபினாஸ்டரைடு மாத்திரையை உடைத்து அளவு குறைத்துச் சாப்பிடுகிற பெண்களும் இருக்கிறார்கள், அதையும் நேரடியாகக் கேளுங்கள். கர்ப்பமாக இருக்கும் பெண் உடைந்த ஃபினாஸ்டரைடு மாத்திரையைக் கையால் தொடவே கூடாது. தாதிகளான நமக்கும் அது பொருந்தும்.

இந்தக் கேள்விகளையெல்லாம் தனியாக வைத்துக் கேளுங்கள். கணவரோ மாமியாரோ பக்கத்தில் இருந்தால் பாதி உண்மைதான் வெளியே வரும். சிலர் வீட்டுக்கே தெரியாமல் வருகிறார்கள். சிங்கப்பூர் சின்ன ஊர், தேக்கா சந்தையிலோ கோயிலிலோ அவரை நீங்கள் பார்க்கத்தான் போகிறீர்கள். பார்த்தால் அவர் பேசினால் பேசுங்கள், இல்லையென்றால் தெரியாதது போல் போய்விடுங்கள். எந்த எண்ணுக்கு அழைக்கலாம், வாட்ஸ்அப்பில் படம் அனுப்பலாமா, வேறு யாராவது எடுத்தால் என்ன சொல்ல வேண்டும் என்று முதல் நாளே கேட்டு எழுதி வையுங்கள்.

காசு பற்றியும் ஒரு வார்த்தை. அழகுக்காகச் செய்யும் முடி நடுதலுக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புப் பணத்தை எடுக்க முடியாது, மெடிஷீல்டு லைஃப் காப்புறுதியும் தராது. கைப்பணம்தான், அதுவும் ஆயிரக்கணக்கான வெள்ளி. முடி குறைந்த ஆணை விட முடி குறைந்த பெண்ணை இந்தச் சமூகம் எவ்வளவு மோசமாகப் பார்க்கிறது என்பது உங்களுக்கே தெரியும், அந்த வேதனையில் எதற்கும் தலையாட்டிவிடுவார்கள். கல்லூரிக் காலப் படத்தைக் காட்டி "இப்படி வந்துவிடுமா?" என்று கேட்டால் சமாளிக்காதீர்கள். நடுவதால் முடியின் மொத்த எண்ணிக்கை கூடாது, பின்னாலிருந்து முன்னால் இடம் மாறுகிறது, அவ்வளவுதான். வகிட்டில் தலை தெரிவது குறையும், பழைய அடர்த்தி வராது. இதை அறுவைக்கு முன்னால் கேட்டவர் பின்னால் உங்களைத் திட்டமாட்டார்.

சரி, அறுவைக்கு வருவோம். எடுப்பதில் இரண்டு வழி. பின்மண்டையில் ஒரு கீற்றாகத் தோலை எடுத்துத் தைத்துவிட்டு, அதிலிருந்து கிராஃப்டுகளை (வேரோடு கூடிய சின்ன முடிக்கொத்துகளை) பிரிப்பது ஒன்று. ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான அல்லது அதை ஒட்டிய குழல் கத்தியால் ஒவ்வொன்றாகத் துளைத்து எடுப்பது இன்னொன்று. ஆண்கள் பெரும்பாலும் இரண்டாவதைக் கேட்பார்கள், பின்தலை முழுக்கச் சிரைத்துவிட்டு உட்காருவார்கள். பெண்ணுக்குச் சிரைப்பது பெரிய விஷயம். அதனால் கீற்று முறை பெண்களுக்கு இன்றும் நல்ல வழி. எடுக்கும் கீற்றில் மட்டும் முடியைக் குட்டையாக்கினால் போதும், மேலிருந்து விழும் நீள முடி தையலை மறைத்துவிடும். துளைக்கும் முறை என்றாலும் நீள முடிக்கு அடியில் பட்டையாக மட்டும் சிரைத்து எடுக்கலாம்.

எவ்வளவு முடி வெட்டப்படும் என்பதை, ஒப்புதல் கையெழுத்துக்கு முன், இரண்டு கண்ணாடி வைத்து அவருக்குப் பின்னால் காட்டிவிடுங்கள். "இந்த அளவு அக்கா, இதற்கு மேல் இல்லை" என்று விரலால் அளந்து காட்டுங்கள். அறுவையில் அழாதவர் சிரைத்த இடத்தைப் பார்த்து அழுவதைப் பார்த்திருக்கிறேன்.

முந்தின நாள் தலைக்குக் குளித்து, எண்ணெய் எதுவும் வைக்காமல் வரச் சொல்லுங்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் பிளாஸ்திரி ஒட்டாது, முடியைப் பிரித்துக் கட்டவும் வராது. சாயம் போட வேண்டுமென்றால் சில நாள் முன்னாலேயே போட்டுவிடட்டும், அதற்குப் பிறகு ஒரு மாதமாவது போட முடியாது. ஒட்டுமுடியை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். முன்னால் பொத்தான் வைத்த சட்டை போட்டு வரச் சொல்லுங்கள், தலை வழியாகக் கழற்றுகிற எதுவும் வேண்டாம், இல்லையென்றால் மாலையில் அதைக் கழற்ற முடியாமல் கத்தரிக்கோல் தேடுவீர்கள். நகப்பூச்சு, குறிப்பாக ஜெல் நகம், ஒரு விரலிலாவது இல்லாமல் வந்தால் ஆக்சிஜன் அளவு சரியாகக் காட்டும். தோடு, மூக்குத்தி, ஹேர்பின் எல்லாம் கழற்றியாக வேண்டும். தாலியைப் பற்றிக் கொஞ்சம் பொறுமையாகப் பேசுங்கள். சிலர் கழற்றமாட்டார்கள். ரத்தக்கசிவை நிறுத்த மின்கருவி பயன்படுத்துவார்களா என்று டாக்டரைக் கேட்டுவிட்டு, பயன்படுத்த மாட்டார்கள் என்றால் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டுப் பிளாஸ்திரி போட்டு ஒட்டிவிடலாம். பயன்படுத்துவார்கள் என்றால் முன்னாலேயே சொன்னால் வீட்டிலிருந்து மஞ்சள் கயிறு கட்டிக்கொண்டு வந்துவிடுவார்கள், பிரச்சினை முடிந்தது.

ஆறு ஏழு மணிநேரம் ஆகும் வேலை இது. மரப்பு ஊசி மட்டும் என்றால் காலையில் சாப்பிட்டுவிட்டு வரலாம், தூக்க மருந்தும் சேர்த்துக் கொடுக்கப் போகிறார்கள் என்றால் டாக்டர் சொன்ன நேரத்திலிருந்து வெறும் வயிறு. மாதவிடாய் நாள் வந்துவிட்டால் அறுவையைத் தள்ளிப்போட வேண்டிய கட்டாயம் இல்லை, ஆனால் அவர் அதைச் சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு நான்கு மணிநேரம் எழாமல் கிடப்பார். நீங்களே முந்திக்கொண்டு கேட்டு, இடைவேளை நேரத்தைச் சொல்லி, நாப்கின் எங்கே இருக்கிறது என்று காட்டிவிடுங்கள். டாக்டர் ஆணாக இருந்தால் அறையில் எப்போதும் ஒரு பெண் இருக்க வேண்டும், தூக்க மருந்து கொடுத்திருந்தால் இது இன்னும் முக்கியம்.

இப்போது எனக்கு மிக முக்கியமாகப் படுவதைச் சொல்கிறேன், மரப்பு மருந்தின் அளவு. அட்ரினலின் கலந்த லிக்னோகெய்னுக்குப் பொதுவாகச் சொல்லும் உச்ச அளவு உடல் எடையில் கிலோவுக்கு 7 மில்லிகிராம், எடை எவ்வளவு இருந்தாலும் மொத்தம் 500க்கு மேல் போகாமல் பார்ப்பது வழக்கம். 80 கிலோ ஆணுக்கு 2 சதவீத மருந்தில் (ஒரு மில்லியில் 20 மில்லிகிராம்) 25 மில்லி வரை இடம் இருக்கிறது. 45 கிலோ பெண்ணுக்கு? 315 மில்லிகிராம், அதாவது 16 மில்லிகூட இல்லை. ஆண்களுக்கு ஏற்றிப் பழகிய கை அதே வேகத்தில் போகும். காலையில் பின்மண்டைக்கு ஏற்றியது, மதியம் முன்னால் ஏற்றியது, வலிக்கிறது என்றதும் இன்னும் கொஞ்சம், தோலை உப்பவைக்க உப்புநீரில் கலந்து ஏற்றியதில் இருந்தது, இவையெல்லாம் ஒரே கணக்கில் சேர வேண்டும். வெள்ளைப் பலகையில் அவருடைய எடை, உச்ச அளவு மில்லிகிராமில், இதுவரை போனது, நேரம், எல்லாவற்றையும் பெரிதாக எழுதி வையுங்கள். முக்கால் பங்கு தாண்டியதும் வாய்விட்டுச் சொல்லுங்கள். டாக்டர் கோபித்தால் கோபிக்கட்டும்.

அளவு மிஞ்சினால் முதலில் தெரிவது சின்னச் சின்ன அறிகுறிகள்தான்: உதட்டைச் சுற்றி மரத்துப்போவது, வாயில் உலோகச் சுவை, காதில் இரைச்சல், பேச்சுக் குழறல், காரணமில்லாத பதற்றம் அல்லது அசாதாரணத் தூக்கம். நெற்றி மரத்துப்போவது ஊசியால் எதிர்பார்த்ததுதான், உதடு மரத்துப்போவது அப்படி இல்லை. இதை முன்னாலேயே சொல்லிவைத்து, தமிழிலேயே அடிக்கடி கேளுங்கள். ஆங்கிலம் நன்றாகப் பேசுகிற அம்மாவும் அரைத் தூக்கத்தில் "வாய் ஒரு மாதிரி இருக்கு" என்று தமிழில்தான் சொல்வார், பக்கத்தில் இருக்கும் மற்றவர்களுக்கு அது புரியாது. அப்படிச் சொன்னால் ஊசியை நிறுத்து, ஆக்சிஜன், டாக்டர், தேவைப்பட்டால் 995இல் ஆம்புலன்ஸ். மரப்பு மருந்தின் நச்சை முறிக்க ஏற்றும் 20 சதவீதக் கொழுப்புக் கரைசல் கிளினிக்கில் எந்த அலமாரியில் இருக்கிறது, காலாவதி எப்போது என்று இன்றைக்கே போய்ப் பாருங்கள். ஊசி போட்டவுடன் ஓரிரு நிமிடம் நெஞ்சு படபடப்பது பெரும்பாலும் அட்ரினலினால் வருவது, கையைப் பிடித்துக்கொண்டு மானிட்டரைப் பார்த்தபடி இருந்தால் அடங்கிவிடும்.

எடுக்கும்போது குப்புறப் படுக்க வேண்டும். பெண்ணுக்கு மார்பு அழுந்தும், தாய்ப்பால் நிறுத்தி அதிக நாள் ஆகாதவர்களுக்கு இது தாங்கமுடியாத வலி. மார்புக்கு மேலும் கீழும் தலையணை வைத்து இடைவெளி விடுங்கள், முழங்கை, முழங்கால், கணுக்கால் பார்த்துக்கொள்ளுங்கள், கண் அழுந்தாமல் இருக்கிறதா பாருங்கள். இரண்டு மணிக்கு ஒருமுறை எழுப்பி நடக்கவிடுங்கள். கருத்தடை மாத்திரை சாப்பிடுகிறவர் என்றால் காலில் ரத்தம் உறையும் அபாயம் கூடுதல் என்பதால் இதை விட்டுவிடாதீர்கள். எழும்போது முதலில் உட்கார வைத்து, பிறகுதான் நிற்க வேண்டும்.

எடுத்த கிராஃப்டுகளுக்குப் பெரிய எதிரி உலர்வது. நம் கிளினிக்குகளில் ஏசி எப்படி அடிக்கும் என்று தெரியும்தானே, அந்தக் காற்று நேராக மேசையில் விழாமல் பாருங்கள். குளிர்ந்த கரைசலில் எப்போதும் முழுகியிருக்க வேண்டும், கையுறை போட்ட விரலில் எடுத்து வைக்கும்போதும் ஈரம் வேண்டும், வேர்க்குமிழைக் கிள்ளாமல் சுற்றியிருக்கும் கொழுப்பைப் பிடித்துத் தூக்க வேண்டும். ஒரு முடி, இரண்டு முடி, மூன்று முடி என்று பிரித்து வைக்கிறோம். பெண்ணின் நெற்றியோரத்துக்கு ஒற்றை முடிகள் மட்டும், அதிலும் மெல்லியவை.

நடும் நேரத்தில்தான் ஆரம்பத்தில் சொன்ன விஷயம் வருகிறது. டாக்டர் கீறும் ஒவ்வொரு பிளவும் இருக்கிற முடியின் சாய்வை ஒட்டியே போக வேண்டும், குறுக்கே போனால் இருக்கிற வேர் வெட்டுப்படும். அவருக்கு அது தெரிய வேண்டும் என்றால் நீங்கள் முடியை வரிசை வரிசையாகப் பிரித்து, ஈரப்படுத்தி, ஒதுக்கிப் பிடித்துக்கொடுக்க வேண்டும். இறுக்கமான கிளிப் வேண்டாம், ஆறு மணிநேரம் இழுத்துப் பிடித்தால் அதுவே முடியைக் கொட்டவைக்கும். ரத்தம் முடியில் காய்வதற்கு முன் உப்புநீரால் துடைத்துக்கொண்டே வாருங்கள், காய்ந்த பிறகு அதைப் பிரிக்கிற வேலையில்தான் நட்டது வெளியே வரும். இன்னொன்று: துளைப்பதும் கீறுவதும் டாக்டர் வேலை. முடி நடும் மருத்துவர்களின் சர்வதேசச் சங்கமும் இதைத்தான் சொல்கிறது. "நீ பழகிவிட்டாய், நீயே எடு" என்று யாராவது சொன்னால் மறுத்துவிடுங்கள். தாதியர் வாரியத்தில் பதிந்திருப்பது உங்கள் பெயர்.

முடிந்து வீட்டுக்குப் போகும்போது எம்ஆர்டி ரயிலில் அனுப்பாதீர்கள், கூட ஒருவரோடு டாக்சியில் அனுப்புங்கள். தலையைச் சுமார் 45 பாகை உயர்த்திப் படுக்க வேண்டும், முதல் சில இரவுகள் சாய்வு நாற்காலியே நல்லது. இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை நெற்றி வீங்கி, சிலருக்கு இமை வரை இறங்கி, கண்ணே மூடிக்கொள்ளும். சொல்லாமல் அனுப்பினால் இரவு இரண்டு மணிக்கு உங்கள் போன் அடிக்கும். பனிக்கட்டி ஒத்தடம் நெற்றியில் மட்டும், நட்ட இடத்தில் கூடாது. வலிக்குப் பாரசிட்டமால். பின்மண்டை மரத்துப்போய் இருப்பது சில மாதம்கூட நீடிக்கலாம், அதனால் ஹேர்டிரையரைச் சூடாக வைத்தால் சுட்டதே தெரியாது.

முதல் தலைக்குளியலை, டாக்டர் குறிப்பிட்ட நாளில், கிளினிக்கிலேயே நீங்கள் செய்யுங்கள். ஆணுக்கு இது ஐந்து நிமிட வேலை. இடுப்பு வரை முடி உள்ள பெண்ணுக்கு அரை மணிநேரம் ஒதுக்குங்கள். சலூன் தொட்டியில் சாய்த்தால் பின்மண்டைத் தையல் விளிம்பில் அழுந்தும், முன்னால் குனிய வைத்தால் வீக்கம் ஏறும், நிமிர்ந்து உட்கார வைத்துக் குவளையால் ஊற்றுவதுதான் வழி. முதலில் நீளத்தைக் கவனியுங்கள்: முடியை நடுவில் ஒரு கையால் பிடித்துக்கொண்டு, நுனியிலிருந்து சிக்கெடுத்து மேலே வாருங்கள், இழுப்பு வேர் வரை போகவே கூடாது. அப்புறம் குழந்தைகள் ஷாம்பூவை நுரையாக்கி, நட்ட இடத்தில் உள்ளங்கையால் ஒற்றியெடுங்கள், தேய்க்க வேண்டாம். ஷவரை நேராக அடிக்க விடாதீர்கள். துண்டைச் சுற்றிக் கொண்டை போடுகிற பழக்கம் நம் பெண்களுக்குக் கையோடு வந்தது, அதைக் கண்டிப்பாகத் தடுக்க வேண்டும். 2006இல் வந்த ஓர் ஆய்வில், முதல் இரண்டு நாள் முடியைப் பிடித்து இழுத்தால் கிராஃப்ட் வந்துவிடுகிறது, ஆறாம் நாளில் முடியை மட்டும் இழுத்தால் வருவதில்லை, ஆனால் ஒட்டியிருக்கும் பொருக்கை இழுத்தால் ஒன்பதாம் நாள் வருவதற்கு முன்பு வரை ஆபத்து என்று கண்டார்கள். ஆகவே பத்து நாள் வரை பொருக்கைப் பிய்க்க வேண்டாம், தானாக உதிரட்டும். கீற்று முறைத் தையலை 10 முதல் 14 நாளில் எடுப்போம்.

வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களையும் ஒரு முறை வரச் சொல்லிப் பேசிவிடுவது நல்லது, நோயாளி ஒத்துக்கொண்டால். மஞ்சள் பூசுவது, வேப்பெண்ணெய், சின்ன வெங்காயச் சாறு, குளித்ததும் சாம்பிராணிப் புகை, எல்லாம் அன்பில் செய்வதுதான். திறந்த புண்ணில் இவை எதுவும் வேண்டாம், தேங்காய் எண்ணெய்கூட ஒரு மாதத்துக்கு வேண்டாம் என்று மரியாதையாகச் சொல்லுங்கள். பூ வைக்கலாமா என்று நிச்சயம் கேட்பார்கள். பின் குத்தி வைக்கிற சரம் ஒரு மாதம் கழித்து, அதுவும் நட்ட இடத்தை விட்டுத் தள்ளி. வெயிலுக்குக் குடை நல்லது, இறுக்கமான தொப்பி வேண்டாம். தலைத்துணி அணிபவர்களுக்குத் தளர்வான, வழுக்கும் துணியில், நட்ட இடத்தை உரசாமல் கட்டுவது எப்படி என்று முன்னாலேயே டாக்டரோடு பேசி முடிவு செய்யுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் வியர்வை தவிர்க்க முடியாது, ஆனால் உடற்பயிற்சியும் நீச்சல் குளமும் டாக்டர் சொல்லும் வரை, பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு வாரம், வேண்டாம்.

வலி குறையாமல் கூடிக்கொண்டே போனால், சீழ் வந்தால், காய்ச்சல் அடித்தால், அழுத்திப் பிடித்தும் ரத்தம் நிற்காவிட்டால், அல்லது நட்ட இடத்தில் தோல் கருநீலமாகவோ சாம்பலாகவோ மாறினால், படம் அனுப்பிவிட்டுக் காத்திருக்காமல் அன்றே வர வேண்டும். கடைசியாகச் சொன்னது ரத்த ஓட்டம் தடைபட்டதன் அடையாளம், புகைபிடிப்பவர்களுக்கு அபாயம் அதிகம். பெண்களிடம் புகைபிடிப்பதைப் பற்றிக் கேட்கத் தயங்குகிறோம், தயங்காதீர்கள்.

வெளிநாட்டில் நட்டுவிட்டு வருகிறவர்களும் உங்களிடம் வருவார்கள், இஸ்தான்புல், பாங்காக், சென்னை என்று. செய்த கிளினிக் தொலைவில் இருக்கிறது, பார்த்துக்கொள்ள யாருமில்லை. கடிந்துகொள்ளாமல் எடுத்துக்கொள்ளுங்கள். எந்தத் தேதியில் செய்தார்கள், எந்த முறை, எத்தனை கிராஃப்ட், என்ன மருந்து கொடுத்தார்கள் என்பதற்கான காகிதத்தைக் கேளுங்கள், தையல் இருக்கிறதா என்று நீங்களே பாருங்கள். தையல் இருப்பதே தெரியாமல் வருகிறவர்களும் உண்டு.

அப்புறம் அந்த மூன்றாவது வாரத்துப் போன் அழைப்பு. நட்ட முடி இரண்டிலிருந்து ஆறு வாரத்துக்குள் உதிரும், வேர் உள்ளேயே இருக்கும், இது ஆண்களுக்கும் உண்டு. பெண்ணுக்கு அதோடு, பக்கத்தில் ஏற்கனவே இருந்த முடியும் அதிர்ச்சியில் சேர்ந்து கொட்டலாம். வந்தபோது இருந்ததை விட வகிடு அகலமாகத் தெரியும். பணமும் போய் முடியும் போய்விட்டது என்று நினைப்பார்கள், தூக்கம் போகும், சிலர் வேலைக்குப் போவதை நிறுத்திவிடுவார்கள். பெரும்பாலான முடி மூன்று நான்கு மாதத்தில் திரும்ப முளைக்கும். ஆனால் முன்பே மிகவும் மெலிந்து சாகும் தறுவாயில் இருந்தவை திரும்பாமலும் போகலாம், இதை ஒப்புதல் வாங்கும்போதே சொல்லியிருக்க வேண்டும். அந்த அழைப்புக்குக் காத்திருக்காமல், மூன்றாம் வாரத்தில் நீங்களே அழையுங்கள். அறுவைக்கு முன் எடுத்த படத்தை, அதே வெளிச்சத்தில், அதே வகிட்டில் எடுத்த படத்தை, வரவழைத்துப் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். அதுவரை மறைக்க முடித் தூள் போடலாமா என்றால், பொருக்கெல்லாம் உதிர்ந்து டாக்டர் சரி என்ற பிறகு போடலாம். சாப்பிடாமல், தூங்காமல், யாரையும் பார்க்காமல் இருக்கிறார் என்று தெரிந்தால் அது முடிப் பிரச்சினை மட்டும் இல்லை, டாக்டரிடம் சொல்லி மனநல உதவிக்கு வழி செய்யுங்கள்.

மூன்று நான்கு மாதத்தில் புது முடி மெல்லியதாக, சில சமயம் சுருட்டையாக முளைக்கும், கூடவே சின்னச் சின்னப் பருக்கள் வரும். ஒன்றிரண்டு என்றால் வெதுவெதுப்பான ஒத்தடம் போதும், நிறைய வந்தாலும் வலித்தாலும் டாக்டர் பார்க்க வேண்டும். மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு சென்டிமீட்டர் என்ற கணக்கில் வளர்வதால், நீள முடியோடு கலந்து தெரிய ஆணை விட அதிகக் காலம் பிடிக்கும், பன்னிரண்டாம் மாதப் படத்துக்கு முன் பலனைப் பற்றிப் பேசாதீர்கள். மினாக்ஸிடிலை எப்போது திரும்பத் தொடங்குவது என்று டாக்டரிடம் தேதி வாங்கிச் சார்ட்டில் எழுதுங்கள். அதை விட்டுவிட்டால் நடாத பழைய முடி தொடர்ந்து மெலியும். பின்தொடர் சந்திப்பு ஒவ்வொன்றிலும், அடுத்து குழந்தை பெறும் எண்ணம் இருக்கிறதா என்று கேளுங்கள். இருக்கிறது என்றால் மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும், அதைக் கருத்தரித்த பிறகு பேசினால் தாமதம்.